சலானும் மாத்திரைச் சீட்டும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சிறிய தொழிற்கூடங்களுக்கு வருங்கால வைப்புநிதி (பி.எஃப்.), தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. முதலாளிகள் என்னிடம் வந்தால் சட்டத்தைத் திட்டுவார்கள். அவர்களிடம் வேலை செய்கிறவர்கள் வந்தால் மருந்து கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். இந்த இரண்டு புலம்பலையும் தனித்தனியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே கணக்கின் வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும்தான் என்று காட்டுவது இன்றைய பேச்சின் நோக்கம்.

திருவள்ளூரில் நின்று வைத்தியம் பற்றிப் பேசுகிறவன் வீரராகவப் பெருமாளை விட்டுவிட்டுப் பேச முடியாது. வைத்திய வீரராகவர் என்றே அவருக்குப் பெயர். அமாவாசைக்கு அமாவாசை திருக்குளத்தில் வெல்லம் கரைக்க வரும் கூட்டத்தில் சிட்கோ தொழிலாளியும் உண்டு, முதலாளியும் உண்டு. பெருமாள் யாரிடமும் மாதச் சந்தா வாங்குவதில்லை. அதனால் அவரிடம் கணக்குக் கேட்கவும் நமக்கு உரிமை இல்லை. இ.எஸ்.ஐ. அப்படியல்ல. மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டுகிறோம். ஒரு நாள் தாமதமானாலும் ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. அங்கே கணக்குக் கேட்கலாம்.

இ.எஸ்.ஐ. சட்டம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1943 மார்ச்சில், ஆலைத் தொழிலாளருக்கு நோய்க் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுத்துத் தரும்படி பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் பொறுப்பு தரப்பட்டது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறையை வைத்திருந்த காலம் அது. 1944இல் அறிக்கை வந்தது, 1948இல் சட்டமானது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டுக்குள் 1955 ஜனவரியில் கோயம்புத்தூர் வழியாக நுழைந்தது.

சட்டத்தின் அடிப்படை எளிமையானது. ஒரு முதலாளி தனியாகத் தாங்க முடியாததை ஆயிரம் முதலாளிகள் சேர்ந்து தாங்குவது. பவர் பிரஸ்ஸில் ஒரு பையனின் மூன்று விரல் போய்விட்டது என்று வையுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறையில் தொழிலாளர் இழப்பீட்டு விதிப்படி அந்த முதலாளி தன் கையிலிருந்து பணம் எடுத்து வைக்க வேண்டும். சின்னப் பட்டறை அந்த ஒரு விபத்திலேயே படுத்துவிடும். இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி என்றால் சிகிச்சை, ஊதியத்தில் 90 சதவீதம், ஊனத்துக்கு வாழ்நாள் உதவித்தொகை எல்லாம் இ.எஸ்.ஐ. கழகத்தின் பொறுப்பு. முதலாளிமேல் தனியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. இது முதலாளிக்கும் ஒரு கவசம். சட்டத்தைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதை அறியாமல் திட்டுகிறார்கள். மீதிப் பாதிப் பேர் விபத்து நடந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு ஃபோன் செய்து, “சார், ஒரு பேரை மட்டும் போன வாரத் தேதியில சேத்துடுங்க” என்பார்கள்.

இனி மாதச் சந்தா கட்டும் சலானை விரித்து வைத்துப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள உருட்டாலைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறை. 12 பேர் வேலை செய்கிறார்கள், தலைக்கு 15,000 ரூபாய் சம்பளம். மொத்தச் சம்பளம் 1,80,000. முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், 5,850 ரூபாய். தொழிலாளிகளின் பங்கு 0.75 சதவீதம், 1,350 ரூபாய். ஆக மாதம் 7,200, ஆண்டுக்கு 86,400 ரூபாய் அந்த ஒரு தகரக் கொட்டகையிலிருந்து கழகத்துக்குப் போகிறது.

இது பெரிய தொகையா? 12 குடும்பங்களுக்கு, மனைவி மக்கள் பெற்றோர் சேர்த்து, முழு மருத்துவத்துக்கு இது கொள்ளை மலிவு. எந்தத் தனியார் காப்பீட்டு நிறுவனமும் இந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அறுபது தாண்டிய அப்பா அம்மாவைச் சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. மருந்து கைக்கு வந்தால் மலிவு என்பதுதான் இதில் நிபந்தனை.

அந்த 12 பேரில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 46, டர்னர். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, டெல்மிசார்ட்டன், கொழுப்புக்கு ஓர் அடோர்வாஸ்டாட்டின்: நம் ஊரில் நாற்பதைத் தாண்டியவர்களின் வழக்கமான மாத்திரைச் சீட்டு இது. நான்கும் விலை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் இருப்பவை, பல கம்பெனிகள் தயாரிப்பவை. இவர் ஏன் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகாமல் மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குகிறார்?

டிஸ்பென்சரி திறந்திருக்கும் நேரமும் ஜெனரல் ஷிஃப்ட் ஓடும் நேரமும் பெரும்பாலும் ஒன்றே. போனால் சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. ஒரு டிஸ்பென்சரியின் மருந்து ஜன்னலருகே நின்று பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சீட்டில் நான்கு மருந்து எழுதியிருக்கும். உள்ளே இருப்பவர் இரண்டை எடுத்து வைப்பார், மூன்றாவதைப் பத்து நாளுக்கு மட்டும் எண்ணிக் கொடுப்பார், நான்காவதன்மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டு “இது வெளிய” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அலமாரியில் இல்லாததை அவர் எங்கிருந்து எடுப்பார்? பத்து நாள் கழித்து மறுபடி வர வேண்டும். 15,000 ரூபாய்ச் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 577 ரூபாய். ஒரு லீவு போட்டு இலவச மருந்து வாங்குவதைவிட, லீவு போடாமல் மாதம் 500 ரூபாய்க்கு வெளியில் வாங்குவது லாபம். தொழிலாளி முட்டாள் அல்ல, அவருக்கும் கணக்குத் தெரியும்.

இந்தக் கணக்குக்குள் முதலாளியும் இருக்கிறார். டர்னர் லீவு போட்டால் லேத் நிற்கும், லேத் நின்றால் டெலிவரி தள்ளும். அதனால் “டிஸ்பென்சரிக்கெல்லாம் போகாத, இந்தா முந்நூறு, மெடிக்கல்ல வாங்கிக்க” என்று பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள். 5,850 ரூபாயைச் சலானில் கட்டிவிட்டு, அதே மருந்துக்கு இரண்டாம் முறை கையிலிருந்து கொடுக்கிறார்கள். தொழிலாளியும் அப்படியே இரண்டு முறை கொடுக்கிறார். அரசின் கட்டாயம் சிறுதொழிலை நசுக்குகிறது என்று நம் சங்கக் கூட்டங்களில் பேசுகிறோமே, உண்மையான நசுக்கல் இந்த இரண்டாவது கட்டணத்தில் இருக்கிறது. முதல் கட்டணம் நியாயமானது.

அந்த இரண்டாவது கட்டணமும் ஒழுங்கான மருந்துக்குப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டிய கடைகளில் சாயங்கால நேரம் நின்று பாருங்கள். “காய்ச்சல், உடம்பு வலி, ஒரு செட் குடுங்க.” செட் என்றால் வெவ்வேறு அட்டைகளிலிருந்து பிய்த்து எடுத்த நான்கைந்து மாத்திரைகள், சின்னக் காகித உறையில். அட்டையைக் கத்தரியால் வெட்டும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடமே தங்கிவிடும். உறையில் ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும், இரண்டு வேளைக்கு. மூன்றாம் வேளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தால் அவர் வேலைக்குப் போய்விடுவார். பில் கிடையாது, டாக்டர் சீட்டு கிடையாது. பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லும் மருந்தியல் சட்டமும் 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான், இ.எஸ்.ஐ. பிறந்த அதே ஆண்டு.

2019க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் மொத்தச் சந்தா 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது, முதலாளிக்கு 4.75லிருந்து 3.25, தொழிலாளிக்கு 1.75லிருந்து 0.75. அதற்கு முந்தைய நிதியாண்டில் 3.6 கோடித் தொழிலாளரும் 12.85 லட்சம் முதலாளிகளும் சேர்ந்து 22,279 கோடி ரூபாய் கட்டியிருந்ததாக அரசே சொன்னது. நம் லேத் பட்டறைக்கு மாதம் 2,700 ரூபாய் மிச்சம், தொழிலாளிக்குத் தலைக்கு 150 ரூபாய். நாமெல்லாம் கைதட்டினோம். நானும் என் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்பினேன்.

இன்று யோசித்தால் அது தவறான கைதட்டல். சந்தா செலவைவிட அதிகமாக வந்து குவிந்ததால்தான் குறைக்க முடிந்தது. ஏன் குவிந்தது? மருந்து ஜன்னலில் “வெளிய” என்று வட்டம் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் கழகத்துக்கு மிச்சம். வராமல் போன ஒவ்வொரு நோயாளியும் மிச்சம். கொடுக்காத பொருளின் விலையைக் குறைத்தார்கள். பொருளைக் கொடுக்கும் வழியைத் தேடவில்லை. முதலாளி பங்கில் குறைந்த அந்த ஒன்றரை சதவீதத்தை விட்டுவைத்து, தொழிற்பேட்டைக்கு ஒரு சாயங்கால டிஸ்பென்சரியும், நிரம்பிய மருந்து அலமாரியும் கேட்டிருக்க வேண்டும். நம் சங்கங்களில் ஒன்றுகூட அப்படிக் கேட்டு மனுக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

நிர்வாகத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சந்தாவை வசூலிப்பது மத்திய அரசின் கழகம். பெரும்பாலான டிஸ்பென்சரிகளை நடத்துவது மாநில அரசு. செலவில் எட்டில் ஏழு பங்கு கழகத்தினுடையது, ஒரு பங்கு மாநிலத்தினுடையது. பணம் ஓரிடம், டாக்டர் நியமனம் ஓரிடம், மருந்து கொள்முதலுக்கு வேறு நடைமுறை. கூட்டுக் குடும்பத்தில் அரிசிக்கு யார் காசு கொடுப்பது என்று பேசிக்கொண்டே உலை கொதித்து அடங்கிப்போவதுபோல, அலமாரி காலியாக இருப்பதற்கு இங்கே யாரும் நேரடிப் பொறுப்பாளி அல்ல.

இப்போது 10 என்ற எண்ணுக்கு வருவோம். பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ.; கிராஜுவிட்டிக்கும் பத்து; பி.எஃப்.புக்கு இருபது. எண்ணிக்கை பிறகு குறைந்தாலும் இ.எஸ்.ஐ. விட்டுப் போகாது. அதனால் பட்டறைகள் ஒன்பதில் நின்றுவிடுகின்றன. காக்களூரிலும் திருமழிசையிலும் ஒரே கூரையின் கீழ் நடுவில் ஒரு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் கணவர் பெயரில் ஒன்று, அந்தப் பக்கம் மனைவி பெயரில் ஒன்று என்று நடக்கும் கூடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு மின் மீட்டர், இரண்டு ஜி.எஸ்.டி. எண். கிரேன் ஒன்றுதான்; பதினொரு மணி டீயும் ஒரே கேனில்தான் வரும். ஆய்வுக்கு வருகிறவர் அந்த டீக் கேனைப் பார்த்தே இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கணக்கிட்டுவிடுவார். பிறகு ஆண்டுக்கணக்கில் பின்தேதிச் சந்தா, வட்டி, அபராதம், இ.எஸ்.ஐ. நீதிமன்றம்.

இது நம் ஊர்ச் சுபாவம் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஒபாமா காலத்துச் சட்டம் 50 முழுநேர ஊழியர் இருந்தால் முதலாளி காப்பீடு தர வேண்டும் என்றது; 49இல் நின்றுகொள்வதைப் பற்றி அங்கேயும் ஊரெல்லாம் பேச்சு. கோடு போட்ட இடத்தில் கூட்டம் சேரும். அங்கே கோடு 50இல், இங்கே 10இல் என்பதுதான் வேறுபாடு. பத்தாவது ஆளைச் சேர்க்கும் மாதத்தில் ஒன்பது பேருக்கும் சேர்த்துச் சந்தா தொடங்குகிறது. அந்த முதல் இரண்டு ஆண்டுக்கு முதலாளியின் பங்கைப் படிப்படியாக ஏற்றியிருந்தால் சுவர் எழுப்பும் செலவாவது மிஞ்சியிருக்கும்.

2025 ஜூலை முதல் டிசம்பர் வரை, பழைய பாக்கியைக் கிளறாமல் புதிதாகப் பதிந்துகொள்ள ஸ்ப்ரீ என்ற திட்டத்தைக் கழகம் அறிவித்தது. நல்ல முயற்சி. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று, இ.எஸ்.ஐ. சட்டத்தையும் உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து என்ற கோடு அதிலும் அப்படியே இருக்கிறது. கூடவே, ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இ.எஸ்.ஐ. உண்டு. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கூடங்கள் உள்ள நம் பகுதிக்கு இது பெரிய செய்தி. ஈயத்தூசி ரத்தத்தில் ஏறிய ஒருவருக்கு ஒன்பது, பத்து என்ற கணக்கெல்லாம் பொருளற்றது. இதை முழுமனதோடு வரவேற்கிறேன்.

கீழே 10 என்றால் மேலே 21,000. மாதச் சம்பளம் அதைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது. 2017 ஜனவரியில் வைத்த வரம்பு. அதன் பிறகு விலைவாசி எங்கே போய்விட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஃபிட்டர் ஒருவர் இருபது வருடம் சந்தா கட்டுகிறார். உடம்பு நன்றாக இருந்த வயதெல்லாம் கட்டினார், டிஸ்பென்சரி வாசல் மிதித்ததில்லை. 48 வயதில் சம்பளம் 21,500 ஆகிறது. நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் பெயர் விழுந்துவிடும். சர்க்கரை வருவதும் அந்த வயதில்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாம் என்றால் அங்கே ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இவர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறார். “சார், இந்த வருஷ இன்கிரிமென்ட் வேணாம், இருபதாயிரத்துத் தொள்ளாயிரத்துலயே நிறுத்திடச் சொல்லுங்க” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மனைவிக்கு டயாலிசிஸ். சம்பள உயர்வு வேண்டாம் என்று தொழிலாளியைக் கெஞ்ச வைக்கும் சட்டத்தை யார் எழுதினாலும் அது திருத்தப்பட வேண்டிய சட்டம்.

ஒப்பந்தத் தொழிலாளர் கதை தனி. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளி கட்ட வேண்டும் என்கிறது சட்டம். சரியான விதி. ஆனால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் ஒருவருக்குக் கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது ஐ.பி. நம்பர் (காப்பீட்டுப் பதிவு எண்), புது எழுத்துக்கூட்டலில் பெயர் என்றால், அவர் கட்டிய நாள்கள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. நோய் விடுப்புப் பணத்துக்கு ஒரு சந்தாக் காலத்தில் 78 நாள் கட்டியிருக்க வேண்டும். இரண்டு எண்ணில் நாற்பது நாற்பதாகக் கட்டியவருக்கு ஒன்றும் கிடையாது. ஊரிலிருக்கும் அவருடைய குடும்பம் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளத் திட்டத்தில் இடம் உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்வதுமில்லை.

இவ்வளவு சொன்னதால், அரசு விதிகள் எல்லாமே சிறுதொழிலுக்குச் சுமை என்ற கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். பக்கத்து மாவட்டத்தில் 2025 அக்டோபரில் என்ன நடந்தது? காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா என்ற சிறு நிறுவனம் தயாரித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், இருபதுக்கும் மேல். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். கூடத்தை ஆய்வு செய்ததில் 350க்கும் மேற்பட்ட குறைபாடுகள். உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார், நம் மாநில மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

மருந்துத் தயாரிப்புக்கான நல்லுற்பத்தி விதிகளை மத்திய அரசு 2023 டிசம்பரில் திருத்தியது. 250 கோடி வரை விற்றுமுதல் உள்ள சிறு, நடுத்தர நிறுவனங்கள் செலவு தாங்காது, கால அவகாசம் வேண்டும் என்றன. 2025 டிசம்பர் 31 வரை தள்ளி வைக்கப்பட்டது. செலவு தாங்காது என்பது பொய்யல்ல. காற்றுச் சுத்திகரிப்பு, ஆய்வுக்கூடம், தகுதியான வேதியியலாளர் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆனால் வாங்கிய கரைப்பான் டிரம்மில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைத் தள்ளிப்போட எந்தச் சிறுதொழிலுக்கும் உரிமை கிடையாது. எந்த விதி உயிரைக் காக்கிறது, எந்த விதி வெறும் ரிஜிஸ்டரை நிரப்புகிறது என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எதிர்க்கும் சங்கத்தின் பேச்சை அடுத்த முறை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். தொழிற்பேட்டைக்கு ஒரு பொதுச் சோதனைக்கூடம் கேளுங்கள். சோதனையிலிருந்து விலக்குக் கேட்காதீர்கள்.

மருந்து விலையைப் பற்றி. 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைக்கு முன்பு, கட்டுப்பாட்டிலிருந்த மருந்துகளுக்குத் தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்தார்கள். இப்போது சந்தையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள பிராண்டுகளின் சராசரியை எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து உச்சவரம்பு வைக்கிறார்கள். சந்தையில் அதிகமாக விற்பவை விளம்பரமும் மெடிக்கல் ரெப்பும் உள்ள பிராண்டுகள். ஆகவே சராசரியும் உயரத்திலேயே நிற்கிறது. மொத்த விலைக் குறியீடு ஏறினால் உச்சவரம்பும் ஏறும், 2022இல் 10.8 சதவீதமும் 2023இல் 12.1 சதவீதமும் ஏறியது. பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றை ஆண்டுக்குப் பத்து சதவீதம்வரை கம்பெனியே ஏற்றிக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் மருந்துக்கான ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமானது உதவிதான், ஆனால் வரியைவிடப் பெரியது பிராண்டின் விலை.

அதே மாத்திரையை மிகக் குறைந்த விலைக்கு வாங்கும் வித்தை தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்குத் தேவையான மருந்தையெல்லாம் பிராண்ட் பெயர் இல்லாமல் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. மாவட்டந்தோறும் கிடங்கு. வந்த சரக்கின் மாதிரியைக் கம்பெனிப் பெயரை மறைத்துச் சோதனைக்கு அனுப்புகிறது. பல மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு. இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரசு மருந்துக் கூட்டுத்தாபனத்தை அமைத்து இதேபோல் மொத்தக் கொள்முதலைத் தொடங்கியபோது, தனியார் கடைக்குப் போகும் மருந்தையும் அதற்குள் கொண்டுவந்தார். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தன. கூட்டுறவுச் சங்கங்களும், மருந்தியல் படித்த இளைஞர்களும் அரசு மானியம் பெற்று நடத்தும் கடைகள், அவையும் சிறுதொழில்தான். கூடவே மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற மாநில அரசுத் திட்டம் 2021இல் வீட்டு வாசலுக்கு வந்தது, 2024இல் தொழிற்சாலை வாசலுக்கும் வந்து சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்கிறது.

ஆக மருந்து இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. சந்தாப் பணமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சீட்டுதான் இல்லை. டிஸ்பென்சரி ஜன்னலில் “வெளிய” என்று வட்டம் போடும் மருந்துக்கு, ஐ.பி. நம்பரைக் காட்டினால் எந்த முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் காசில்லாமல் வாங்கிக்கொள்ளலாம், பில்லைக் கடை நேரடியாக இ.எஸ்.ஐ.க்கு அனுப்பும் என்று ஓர் ஆணை போதும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவற்றுக்கு ஒரு மாத மருந்தை ஒரே தடவையில். கடைகள் ஷிஃப்ட் முடிந்த பிறகும் திறந்திருக்கும். லீவு வேண்டாம், லேத் நிற்காது. வெளியில் வாங்கிய மருந்துக்குப் பணம் திரும்பப் பெற இன்றும் விதியில் இடம் உண்டு. ஆனால் 400 ரூபாய் பில்லுக்குப் படிவம், முத்திரை, மூன்று நடை என்றால் யார் போவார்கள்? விதியை மாற்றச் சொல்லவில்லை, நடையைக் குறைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. பெரிய முதலாளிகள் தங்கள் வளாகத்திலேயே டிஸ்பென்சரி நடத்தவும், அதன் செலவை இ.எஸ்.ஐ. கழகத்திடம் பெறவும் ஒரு திட்டம் உண்டு. பன்னிரண்டு பேர் பட்டறைக்கு அது எட்டாது. ஆனால் சிறுபுழல்பேட்டைப் பக்கம் ஐம்பது பட்டறை சேர்ந்து ஓர் அறையைக் கொடுத்தால்? சங்கக் கட்டடத்தின் மாடி அறை ஆண்டு முழுக்கப் பூட்டித்தான் கிடக்கிறது. ஆயுதபூஜைக்கு மட்டும் திறக்கிறோம்.

சட்டப்படி இ.எஸ்.ஐ. கழகத்தின் நிர்வாக அவையில் முதலாளிகளுக்குப் பத்து இடம், தொழிலாளிகளுக்குப் பத்து இடம். முதலாளிகளின் இடங்களில் இருப்பவை அகில இந்தியப் பேரமைப்புகள். அவர்களுக்கு மருந்து ஜன்னல் தெரியாது; அவர்கள் கேட்டது சந்தாக் குறைப்பு, அது கிடைத்துவிட்டது. ஜன்னலைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

அதனால் இங்கே வந்திருக்கும் தொழில்முனைவோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆள்கள் போன மாதம் மெடிக்கலில் வாங்கிய மருந்து பில்களைக் கேட்டு வாங்குங்கள். பெயரும் நோயும் தெரியாதபடி மேல்பகுதியைக் கிழித்துக்கொண்டு, தொகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தன் நோய் முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு, அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. அந்த பில்களோடு உங்கள் சலான் நகல் ஒன்றையும் பின் செய்து, அடுத்த 15ஆம் தேதிக்குள் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கழகத்துக்கும் மாநிலத் தொழிலாளர் துறைக்கும் போக வேண்டிய மனுவை எழுதும் வேலையை நான் கட்டணமில்லாமல் செய்து தருகிறேன்.